பதினொன்று இருபதின் சத்தம்

இறக்கை முறிந்த சத்தம் பதினோரு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. தால்னயார்ஸ்க் விமானத் தொழிற்சாலையின் சோதனைக் கொட்டகையில், பிப்ரவரி மூன்றாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு, புது விமானத்தின் இறக்கை மேலே வளைந்து வளைந்து ஓசையே இல்லாமல் இரண்டாகப் போனது. நாற்பது பேர் பார்த்தார்கள், ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. உலகத்து வானத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு பெரிய கம்பெனிகளுக்குப் போட்டியாக, நூற்றெண்பது பேர் உட்காரும் அந்த விமானத்தைப் பதினான்கு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையை நூறு என்று வைத்தால், இறக்கை நூற்றைம்பது தாங்க வேண்டும். அது நூற்று நாற்பத்தொன்றில் முறிந்தது. சோதனைத் தலைவர் கென்னாதி பாவ்லொவிச் நூற்றைம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் மந்திரி வருவதாக இருந்தது.

அளவுமானிகளைக் கவனித்த ஜோயா அர்காத்யெவ்னா மட்டும் மறுத்தாள். அவளுடைய கருவிகள் பழுது என்று அவர் இன்னொரு தாளில் எழுதினார். அவளைக் கிடங்குக்கு மாற்றி, தொழிலாளருக்குக் கம்பளிப் பூட்ஸ் எடுத்துக்கொடுக்கும் வேலையில் போட்டார்கள்.

பதினோராம் நாள், கேன்டீனில் அவர் முட்டைக்கோஸ் சூப்பைக் கையிலெடுத்தபோது சத்தம் வந்தது. நூறு பைன் மரம் ஒன்றாய் முறிந்த மாதிரி இருந்தது. ஆறு ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்தது. மறுநாள் அதே பதினொன்று இருபதுக்கு டிராமில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குளியல்கூடத்துக்கும் வந்தது. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் வந்தது. மனைவி பீங்கானை விற்றுவிட்டுத் தகரத் தட்டு வாங்கினாள். ஒரு வருஷத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. "உன் றெக்கை வந்துட்டுப் போயிருச்சா கென்னாதி? அது போகட்டும்னுதான் இன்னும் தலைக்குச் சோப்புப் போடாம உக்காந்திருக்கேன்" என்பான் பக்கத்து வீட்டு ஸ்தெபான். அவர் தலை குனிந்துகொள்வார். என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவரைத் தின்றது.

இரண்டாவது வசந்தத்தில், விமானத்தைச் செங்குத்தாகச் சரியவிட்டு இழுத்து நிமிர்த்தும் சோதனைக்கு நாள் குறித்தார்கள். ஓட்டப்போகிற ரின்னத் கரீஃபுல்லின், மனைவி கட்டிக்கொடுத்த இறைச்சிப் பணியாரப் பொட்டலத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"கென்னாதி பாவ்லொவிச், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எவ்வளவு இழுக்கலாம்?"

"எழுதியிருக்கே."

"எழுதினதை நானும் படிச்சேன். உங்க வாயால கேக்கணும்."

சத்தம் வந்தது. ரின்னத் பணியாரத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அது அடங்கும்வரை அவர் முகத்தையே பார்த்தான்.

"நூத்தி நாப்பத்தொண்ணு," என்றார். "இழுக்காத, ரின்னத்."

அவன் ஒரு பணியாரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவரால் அதைத் தொட முடியவில்லை.

உண்மை வெளியே வந்ததும் தலைமைப் பதவி போயிற்று, அந்த நூற்றைம்பதுக்காகக் கொடுத்த பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இறக்கையை மறுபடி வரைந்து செய்ய மூன்று வருஷம் ஆனது. அவர் இடத்துக்கு ஜோயா வந்தாள். அவள் கிடங்கைவிட்டுக் கிளம்பும்போது வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனவரை அவள் முடிக்க விடவில்லை.

"பூட்ஸ் குடுத்த கை இது. ஒவ்வொருத்தனும் அளவு சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான். அதை நீங்க எப்படித் திருப்பிக் குடுப்பீங்க? வேலை வேணும்னா வாங்க, அளவுமானிக்குக் கம்பி இழுக்க ஆள் பத்தல."

அவர் கம்பி இழுக்கப் போனார்.

இரண்டாம் சோதனை ஜனவரியில் நடந்தது. இறக்கையின் சத்தத்தைப் பதியும் ஒலிவாங்கிகள் குழம்பக் கூடாதென்று அன்றைய நிகழ்ச்சித் தாளில் ஜோயா ஒரு வரி சேர்த்திருந்தாள்: '11.10 முதல் கென்னாதி பாவ்லொவிச் கொட்டகைக்கு வெளியே நிற்க வேண்டும்.' மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் நின்றார். அவருடைய சத்தம் நேரத்துக்கு வந்து போனது. பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. எவ்வளவு என்று கேட்க உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். அரைமணி கழித்து ஜோயா கதவைத் திறந்தாள்.

"நூத்தி அம்பத்து மூணு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த விமானம் இப்போது மாஸ்கோவுக்கு நாளுக்கு நான்கு முறை பறக்கிறது. கென்னாதி பாவ்லொவிச் அதில் ஏறும் நாட்களில், பதினொன்று பதினைந்துக்குப் பணிப்பெண் எல்லோரையும் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். பிடித்துக்கொள்கிறார்கள்.