கணக்கில் சேராத எழுத்து

அரிசிமாவுப் பத்திரியைச் சுட்டுத் தட்டில் அடுக்கிவிட்டு, கணவர் எழுதிய தலையங்கத்தின் அச்சுப்படியை எடுத்தாள் பிய்யாத்து. அரபி எழுத்தில் மலையாளம். அவர்களுடைய வாரப் பத்திரிகை முழுக்க அப்படித்தான்.

"இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

"ஒரு புள்ளிதானே," என்றார் உண்ணீன்குட்டி.

"ஜில்லா போர்டுல பேசிப் பேசி உங்களுக்குப் புள்ளியெல்லாம் கண்ணுல படறதில்ல. இது இல்லேன்னா கலெக்டர் நல்லவராயிடுவார்."

சிரித்துக்கொண்டே புள்ளியை வைத்தார். பத்திரி ஆறுமுன் போலீஸ் வந்தது. அவரையும் இருபது வருஷக் கையெழுத்துப் பிரதிகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வடக்கே சிறையிலிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. 'வாராவாரம் மன்னிப்புக் கடிதத்தை நீட்டுகிறார்கள். விரல் மடங்கவில்லை என்கிறேன். உனக்கு எழுத மட்டும் மடங்குகிறது.' எட்டாம் மாதம் மரணச் செய்தி வந்தது. கபரில் அடக்கியதும் அங்கேயே.

நாற்பதாம் நாள் கழிந்ததும் ஊர் அதிகாரி சங்குண்ணி மேனோன் ஒரு தாளோடு வந்தார். பிரதிகளின் மூட்டையைக் காவல்காரன் சுமந்து வந்தான்.

"உன் புருஷன் சாகறதுக்கு முன்னாடி சர்க்கார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டார். வெள்ளிக்கிழமை சந்தையில இதைப் படிக்கப்போறேன். மெய்தான்னு கைநாட்டு வச்சா மூட்டை உனக்கு. இல்லேன்னா நெருப்புக்கு."

சந்தையில் அதைப் படித்தால் அவரோடு நின்றவர்கள் தலை தொங்கிப்போகும். பிய்யாத்து மூட்டையைப் பார்த்தாள். மேனோன் மைப்பெட்டியைத் திறந்தார்.

"கைநாட்டு எதுக்கு? பேரைக் கிறுக்கறேன்."

"கணக்கெடுப்புல உன்னை எழுத்தறியாதவள்னு எழுதினதே நான்தான். ஓத்துப்பள்ளியில குரான் ஓதக் கத்துக்கிட்ட கிறுக்கலா? கிறுக்கு."

மேனோனுக்குப் படிக்கத் தெரியாத அரபி எழுத்தில், வலமிருந்து இடமாக வரி ஓடியது.

"பேரு இம்புட்டு நீளமா?"

"வாப்பா பேரு, வீட்டுப் பேரு எல்லாம் வேணுமில்லையா, அதிகாரி?"

மேனோன் தாளை மடித்துக்கொண்டார்; காவல்காரன் மூட்டையை இறக்கிவைத்தான்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் தண்டோரா போட்டு மன்னிப்பைப் படித்தார் மேனோன். "பொண்டாட்டியே ஒப்புக்கிட்டா, பாருங்க," என்று தாளைத் தூக்கிக் காட்டினார்.

முன்னால் நின்ற மீன்காரி கதியுமா எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்: "'அவர் கேட்கவில்லை. கேட்டார் என்பவன் பொய்யன்.' அதிகாரி, இதைக் காட்டத்தான் தண்டோரா போட்டீங்களா?"

சந்தை சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

மேனோன் வேர்க்க விறுவிறுக்கப் பிய்யாத்துவின் வீட்டுக்கு வந்தார். மூட்டை முந்தின நாளே படகேறியிருந்தது.

"எழுதத் தெரியும்னு ஏன் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? கணக்கெடுக்க வந்தன்னிக்கும் என் கையில ஏடு இருந்துச்சு."

அதற்குப் பிறகு இரண்டு கணக்கெடுப்புகள் வந்துபோயின. சர்க்கார் கச்சேரிப் பேரேட்டில் பிய்யாத்து இன்னும் எழுத்தறியாதவள்தான்.