பவுனு பாதியில் நிறுத்திய பதில்

லீலாவதி டீச்சரை ஏமாற்ற முடியாது என்று பள்ளியில் பேச்சு. இங்கிலீஷ் பி.ஏ. நேர்காணலுக்கு யாரை அனுப்பலாம் என்று கல்லூரியிலிருந்து கேட்டால், பள்ளி பிரின்சிபால் மாணிக்கவாசகம் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவளும் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு இங்கிலீஷ் கதையைப் படிக்கக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொல்வாள்.

"இங்கிலீஷ்லயே கேட்டா மனப்பாடமா ஒப்பிச்சிடுவீங்க. தமிழ்ல சொன்னாத்தான் புரிஞ்சுதான்னு தெரியும்."

அந்த வருஷமும், புலி சுட்ட பெருமையை அளந்துவிடும் ஒரு துரையின் கதைதான். பட்டாபி மடமடவென்று சொன்னான். துரை மகா வீரராம். கதையின் கிண்டல் அவனுக்கு எட்டவில்லை. போகட்டும், சரளமாகச் சொன்னானே!

அடுத்து பவுனு. ஹவில்தார் பச்சைமுத்துவின் மகள். அம்பாலா, ஜான்சி என்று வடக்கே ராணுவ கன்டோன்மென்ட்களில் வளர்ந்தவள்.

"மிஸ்... அந்த ஆளு... பெரிய... அப்படி இல்ல..."

"உக்காரும்மா."

"மிஸ், காலேஜ் கிடைக்கலேன்னா அப்பா டைப்பிங் கிளாஸ்ல போட்டுடுவார்."

"நேர்காணலுக்குப் பவுனு தாங்க மாட்டா சார்," என்று லீலாவதி அன்றே பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், லீலாவதியின் முதுகுக்குப் பின்னால் அதே கதை கேட்டது. பவுனு இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, தோழியிடம் இந்தியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அரே, ஷேர் தோ பஹ்லே ஸே மரா ஹுவா தா!"

லீலாவதிக்குத் தெரிந்த இந்திக்கு, புலி முன்பே செத்துக் கிடந்ததாம். கதையில் அப்படி எங்கேயும் எழுதியிருக்காது. குண்டு பாய்ந்த இடத்தில் ரத்தமே இல்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அதைப் பிடித்ததில்லை. 'அப்படி இல்ல' என்று காலையில் இதைத்தானே சொல்ல வந்தாள்? உட்கார வைத்துவிட்டேனே!

மறுநாள் விடிந்ததும் பிரின்சிபாலிடம் ஓடினாள்.

"பவுனு வரலைன்னு நேத்தே காலேஜுக்குப் போன்ல சொல்லியாச்சே மேடம்! நீங்கதானே தாங்க மாட்டான்னீங்க?"

"நான்தான் சார். அவளுக்குத் தமிழ்ல கதை சொல்லத்தான் வரலை. நான் இங்கிலீஷ் வரலைன்னுட்டேன்."

"இப்ப மாத்திச் சொன்னா, இனிமே உங்க பேச்சை யாரு நம்புவா?"

"நம்ப வேணாம் சார். போன் பண்ணுங்க."

அவர் முனகிக்கொண்டே டயலைச் சுழற்றினார். அழைத்து வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள் கல்லூரியில்.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பவுனு ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், அங்கயும் தமிழ்லதான் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்கம்மா," என்றாள் லீலாவதி. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், கண்டக்டர் வருகிறாரா என்று பின்பக்கம் திரும்பிக்கொண்டாள்.