சுவரில்லாத கதவு

கால்வர் ஊர் நீதிமன்றத்தை நாங்கள் மூன்று முறை கட்டினோம். முதலில் மரக்கட்டைக் குடில், ஒழுகியது. அடுத்து செங்கல், சாய்ந்தது. மூன்றாவது சிவப்புக் கல்லில், தகரக் குவிமாடத்தோடு. நூறு வருஷம் நிற்கும் என்றார் கட்டிய மேஸ்திரி. பதினேழாம் வருஷம் ஒரு வியாழனன்று புகைபோக்கியிலிருந்து தீப்பிடித்தது. மிஞ்சியவை நான்கு கற்படிகள்.

பக்கத்து ஊரான பென்டனில் அன்று பேண்டு வாத்தியம் ஒலித்ததாகக் கேள்வி. காரணம், மாவட்டப் பத்திரத்தில் உள்ள ஒரு வரி: ஒவ்வொரு நீதிமன்றத் தவணையிலும் முதல் திங்கள் காலை ஒன்பது மணிக்குள் ‘நீதிமன்றக் கதவருகே’ கூவி அமர்வைத் தொடங்க வேண்டும். தவறினால் மாவட்டத் தலைநகர் அந்தஸ்து எங்களிடமிருந்து பென்டனுக்குப் போய்விடும். டெக்சாஸில் தலைநகர் போன ஊரில் ஆடுதான் மேயும்.

புதுத் தவணையின் அந்தத் திங்களுக்கு மூன்றே நாள். வெள்ளிக்கிழமை, நீதிமன்றத்தில் கூவும் டவாலி ஏசா புரூட் என் இரும்புக்கடைக்கு வந்து கதவு கேட்டார்.

"கோழிக்கூட்டுக் கதவு ஒண்ணு இருக்கு" என்றேன்.

"கோழியாய்யா வழக்குப் போடுது?"

அவர் கை நீட்டியது மூலையிலிருந்த ஓக் கதவை நோக்கி. பென்டன் வக்கீல் கிம்ப்ரோ தன் புது வீட்டுக்காக வரவழைத்தது. பித்தளைச் சிங்கம் பதித்தது. அது வேறொருவர் சொத்து என்று நீளமாகச் சொன்னேன். ஏசா பேரம் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடை மூடும் நேரமாகியும் எழவில்லை. பேரம் பேசாத ஆளிடம் எப்படி ஜெயிப்பது? ஒருநாள் இரவலாகக் கொடுத்தேன்.

திங்களன்று படிகளின் மேல் நிலையோடு கதவு நின்றது. பின்னால் கரியும் வானமும்தான். நீதிபதி லோமாக்ஸ் கால் துடைத்து, கதவைத் திறந்து உள்ளே போய், கவிழ்த்த பீப்பாயில் அமர்ந்தார். ஆட்சேபிக்க வந்த கிம்ப்ரோ கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"வாசல் இந்தப் பக்கம் ஐயா" என்று மறித்தார் ஏசா.

கதவு வழியே வந்த கிம்ப்ரோ, சுவரில்லாத இடம் நீதிமன்றமாகாது என்று வாதிட்டார். திரும்பியவர் கண்ணில் சிங்கம் பட்டது.

"இது என் கதவு!"

ஏசா தொப்பியைக் கழற்றினார். "கதவுதான்னு வக்கீலய்யாவே சொல்லிட்டாரு. எழுதிக்கலாமா, ஐயா?"

நீதிபதி எழுதிக்கொண்டார். ஏசா படியேறி நின்று, பென்டனுக்கே கேட்கும்படி கூவினார். அப்போது ஒன்பது அடிக்க இரண்டு நிமிடம் பாக்கி.