கடைசி ஐந்து நிமிடக் கணக்கு

பத்திரிகைக்காரனுக்கு வேறு வேலை இல்லை. சனிக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் பாதியை அடைத்து ஓர் அட்டவணை போட்டிருந்தான். ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில், இரண்டு அணிக்கும் ஐந்து புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லாத நேரத்தில், டொலிடோ கூடைப்பந்து அணியில் யார் யார் கூடையை நோக்கி எத்தனை பந்து எறிந்தார்கள், அதில் எத்தனை விழுந்தது என்று ஒரு கணக்கு. முதலிடத்தில் ட்ரெவான் பிக்ஸ், அறுபதுக்கு முப்பத்தொன்று. கடைசி இடத்தில் கோர்டெல் ஹேய்ன்ஸ், ஐம்பத்திரண்டுக்குப் பதினொன்று. போதாக்குறைக்கு இருவர் படத்தையும் அருகருகே போட்டு, 'நெருக்கடியில் யாரை நம்பலாம்?' என்று தலைப்பு வேறு.

கோர்டெல் அதைப் பார்த்தது மச்சான் அர்லனின் சலூனில். எந்தப் புண்ணியவானோ பக்கத்தைக் கத்தரித்து நடுக்கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தான்.

"வாய்யா, பதினொண்ணு!" என்றார் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். "அவனுக்குக் காபி கீபி குடுத்துடாதீங்கப்பா. அதையும் கீழ போட்டுருவான்."

"அவரு சொல்றதை விடுங்கண்ணே," என்றான் அடுத்த நாற்காலிக்காரன். "போன வாரம் கடைசி நிமிஷத்துல உங்க கைக்குப் பந்து வந்துச்சா? என் பொண்டாட்டி டிவியை அணைச்சுட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா. ஆட்டம் முடிஞ்சுதான்னு கூடக் கேக்கல."

கடை குலுங்கச் சிரித்தது. கோர்டெலும் சிரித்தான். அந்தக் கடையில் கோபித்துக்கொண்டவன் கதை அத்தோடு முடிந்தது. ஒரு வருஷத்துக்கு அதையே சொல்லிச் சொல்லி உரித்துவிடுவார்கள். அதனால் சிரித்தான்.

அட்டவணை போட்ட மகராசனுக்கு ஒரு விஷயம் தெரியாது. தெரிந்தாலும் அதைப் போட அட்டவணையில் கட்டம் கிடையாது. கையில் பந்து கிடைத்தால் இருபத்துநாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சங்கு ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். பிக்ஸ் என்ன செய்வான் தெரியுமா? இருபது விநாடி பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பான். வழி திறந்தால் தானே போடுவான். திறக்காவிட்டால், மிச்சம் ஒரே விநாடி இருக்கும்போது, பந்தைப் பக்கத்தில் இருப்பவன் மேல் வீசிவிடுவான். வாங்கியவன் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டியதுதான். விழாது. விழாத கணக்கு எறிந்தவன் பெயரில் ஏறும். பிக்ஸ் பெயர் சுத்தமாக இருக்கும். ஆட்டக்காரர்களுக்குள் இதற்குக் கையெறி குண்டு என்று பெயர். சீசன் முழுக்க அந்தக் குண்டை வாங்கியவன் கோர்டெல்தான். சின்னப் பையன்கள் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்வார்கள். அந்த நாடகம் இவனுக்கு வராது. ஆட்டம் ஜெயிக்க வேண்டுமென்றால் யாராவது எறிந்துதானே ஆக வேண்டும்?

இதையெல்லாம் சொல்லிப் புலம்புகிற ஆளும் இல்லை அவன். ஆனால் இந்தச் சனிக்கிழமை வேறு மாதிரி. மறுநாள் சீசனின் கடைசி ஆட்டம். மேல் லீக் அணி ஒன்றிலிருந்து ரோவீனா கேட்ஸ் என்கிற தேர்வாளர் வருகிறாள். ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரே ஓர் ஆள். கோர்டெலுக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வருஷமாக இந்த இரண்டாம் லீக்கில், பஸ்ஸில் தூங்கி எழுந்து ஆடுகிறான். மேலே ஒரு நாள்கூட ஆடியதில்லை. நாளை இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. திங்கட்கிழமை முதல் கண்ணாடித் தொழிற்சாலைக் கிடங்கில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அர்லன் கத்தரியை வைத்துவிட்டு அவனைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நாளைக்கு அந்தப் பய உன்மேல பந்தை வீசினா நீ போடாத."

"போடாம?"

"சும்மா வெச்சுக்க. சங்கு ஊதட்டும். அப்படி ஊதினா தப்பு டீம் பேர்லதான் ஏறும், உன் பேர்ல ஏறாது. உன் கணக்குல ஒரு கோடு விழாது. மேல இருக்கற பெரிய ஆளுங்க எல்லாம் இதைத்தான் பண்றாங்க. அரைக் கோர்ட்டுலேருந்து எறியணும்னா சங்கு ஊதின அப்பறம்தான் எறியறானுங்க, கவனிச்சிருக்கியா?"

"பந்து எதிராளிக்குப் போயிடும்டா."

"போகட்டுமேடா! நீ போட்டாலும் பத்துக்கு ஒம்போது தடவை அவனுக்குத்தான் போகுது. அந்த அம்மா பேப்பரைப் பாத்துட்டு வருவா. இருபத்தோரு சதவீதம்னு ஒருத்தன் நிப்பான், அம்பத்திரெண்டு சதவீதம்னு ஒருத்தன் நிப்பான். யாரைக் கூட்டிட்டுப் போவா? பத்து வருஷமா ஊருக்கு உழைச்சியே, ஒரு நாள் உனக்காக ஆடேன். குடியா முழுகிடும்?"

வீட்டில் மனைவி வனெட்டாவிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் சொன்னானா? அவனுக்கு முடி வெட்டத் தெரியும். அதுவும் பின்பக்கம் கோணலா போகும். நீ எப்பவும் ஆடற மாதிரி ஆடு."

"எப்பவும் ஆடற மாதிரி ஆடித்தான் இப்படி இருக்கேன்," என்றான் கோர்டெல். சத்தமாகவே சொல்லிவிட்டான். அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ரோவீனா கேட்ஸ் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, மடியில் நோட்டு. கோர்டெல் அன்று நன்றாகவே ஆடினான். எதிரணியின் பெரிய ஆட்டக்காரனைக் கட்டிப்போட்டான், தரையில் விழுந்து இரண்டு பந்து பிடுங்கினான். அதையெல்லாம் எந்த அட்டவணையில் போடுகிறார்கள்!

நாற்பது விநாடி பாக்கி. தொண்ணூற்றெட்டுக்குத் தொண்ணூற்றொன்பது. டொலிடோ ஒரு புள்ளி பின்னால், பந்து டொலிடோ கையில், அதாவது பிக்ஸ் கையில். வழக்கம்போலத் தட்டிக்கொண்டே நின்றான். இருபத்துநாலில் மிச்சம் பத்து விநாடி, எட்டு, ஆறு. உள்ளே புகப் பார்த்தான். இரண்டு பேர் வந்து மறித்தார்கள். பின்வாங்கினான். நான்கு, மூன்று. இடது மூலையில் நின்ற கோர்டெலுக்குத் தெரிந்துவிட்டது. பிக்ஸ் திரும்பியே பார்க்காமல் பந்தை அவன் பக்கம் வீசினான்.

பந்து கையில் வந்து உட்கார்ந்தபோது ஒன்றரை விநாடி இருந்தது. பத்து வருஷப் பழக்கத்தில் கை தானாக மேலே போனது. அப்போதுதான் ஐம்பத்துமூன்று என்ற எண் அவன் மனதில் வந்தது. ஐம்பத்துமூன்றுக்குப் பதினொன்று. கண் நான்காவது வரிசைக்குப் போனது. நோட்டு, கண்ணாடியில் ஒட்டிய காகிதம், கிடங்கு, எல்லாம் சேர்ந்து வந்து கையைப் பிடித்தன. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சங்கு ஊதியது.

ஊதிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் பிக்ஸைத் தின்னப் போயிருந்ததால் மூலை திறந்து கிடந்தது. இருந்ததில் அருகிலிருந்த எதிரணிக்காரன்கூட ஐந்தடி தள்ளி நின்றான், அவனே திகைத்துப்போய். சீசன் முழுக்க முகத்துக்கு நேரே கை நீட்டிக்கொண்டுதான் நின்றார்கள். இன்று யாரும் இல்லை. நிதானமாக எறிந்திருக்கலாம்.

அரங்கம் முழுக்கக் கூச்சல் போட ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, போட்டிருக்க வேண்டியதுதானே?" இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி பிக்ஸ் கேட்டான். "சும்மாத்தானே நின்னீங்க!"

பாவி. அவன் கேட்டதில் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. எதிரணி பந்தை வாங்கி, வேறு வழியில்லாமல் டொலிடோ இடித்து மறித்ததற்குக் கிடைத்த இரண்டு இலவச எறிதலையும் போட்டு, மூன்று புள்ளியில் ஜெயித்துவிட்டது. பயிற்சியாளர் லூமிஸ் கோர்டெலைக் கடந்து போனார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேல் வரிசையிலிருந்து அர்லன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "கணக்கு தப்பிச்சுது மச்சான்! ஒரு கோடு விழல!" என்று வாயசைத்தான். கோர்டெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குளித்து உடை மாற்றி வெளியே வந்தால், நடையில் ரோவீனா கேட்ஸ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அர்லன் பய சொன்னது சரிதானோ என்று கோர்டெல் நினைத்தான். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் பல நாள் வெட்கப்பட்டான்.

"கொஞ்சம் பேசலாமா, ஹேய்ன்ஸ்?"

"பேசலாம் மேடம். மேடம், அந்தப் பேப்பர்ல வந்தது..."

"பேப்பர் கிடக்குது விடுங்க. அம்பத்திரெண்டையும் நான் வீடியோவுல ஒண்ணொண்ணா பாத்தாச்சு. அதுல நாப்பத்தொண்ணு அந்தப் பையன் உங்க தலையில கட்டினது. அதுலயே நாலு உள்ள போட்டிருக்கீங்க, எப்படிப் போட்டீங்கன்னே புரியல. நீங்களா எடுத்தது பதினொண்ணு. அதுல ஏழு விழுந்திருக்கு. அது பிக்ஸோடதைவிட ஒசத்தி."

ஒருவராவது பார்த்திருக்கிறார்களே என்று இருந்தது கோர்டெலுக்கு.

"எங்ககிட்ட ஏற்கெனவே மூணு பிக்ஸ் இருக்கானுங்க," என்றாள் அவள். "நாலாவது வேணாம். அவனுங்க பக்கத்துல நிக்கறதுக்கு ஒருத்தன் வேணும். தன் பேர்ல என்ன ஏறுதுன்னு பாக்காம போடறவன். நாடு பூரா தேடினேன். நீங்க ஒருத்தர்தான் கிடைச்சீங்க. கையெழுத்து வாங்கற பேப்பரோடதான் கிளம்பி வந்தேன்."

"மேடம்..."

"மூலையில ஒருத்தருமே இல்ல, ஹேய்ன்ஸ். நீங்க பந்தைப் பாக்கல, கூடையைப் பாக்கல. நாலாவது வரிசையில என்னைப் பாத்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அவனுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

"இந்த ஒரு தடவைதான் மேடம்," என்றான் கோர்டெல். "பத்து வருஷத்துல இந்த ஒரே ஒரு தடவைதான்."

"தெரியும்," என்றாள் அவள், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "நானும் இந்த ஒரு தடவைதான் வந்தேன்."