படகுக்குள் ஒரு முட்டை

1.
இந்தக் கதை ஒரு பலகையில் பிறந்தது. 'பறவைகள் கூடு வைக்கும் காலம். கரையேறாதீர்கள்' என்று அந்தத் தீவில் எழுதியிருந்தது. நான் நல்ல பிள்ளையாகத் திரும்பிவிட்டேன். போகாத இடத்தைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கைராசி உண்டு.

முதல் வரி: 'வானமெங்கும் சிறகுகளின் சங்...'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2.
தீவில் ஒரே ஒரு காவலர். அந்த மாதங்களில் வேறு எந்தப் படகும் அங்கே நெருங்கக் கூடாது. அவருடைய சின்னத் துடுப்புப் படகு மட்டும்தான். அது ஆடாமலிருக்க உள்ளே ஒரு மூட்டை கிளிஞ்சல் மணலைப் போட்டு வைத்திருந்தார். மூட்டை கிழிந்தது. ஓர் ஆலாப் பறவை அதைக் கடற்கரை என்று நம்பி முட்டையிட்டுவிட்டது.

முட்டையை நகர்த்தினால் தாய் திரும்பாது. பொரிக்க மூன்று வாரம். 'முட்டை இருக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது' என்ற விதியை எழுதியவரே அவர்தான்.

(பழைய வடிவில், கரையில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி. "குழந்தைக்கு முன்னாடி உவமை பொறந்துடும் போலிருக்கே" என்றாள் என் மனைவி. அந்தப் பகுதியை அடித்துவிட்டேன்.)

3.
ஆகவே, காவலரின் அம்மா. இரண்டு வருடமாகப் பார்வை இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து நாளைக் காலை கட்டு அவிழ்க்கிறார்கள். முதலில் மகன் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

காவலர் பாறைமேல் ஏறினார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

"நாளைக்கு வர முடியாதும்மா. படகுல ஒரு பறவை முட்டை போட்டிருக்கு."

"அத்தனை கரையை விட்டுட்டு உன் படகுதான் கிடைச்சுதா அதுக்கு?"

"நீ மட்டும்? ஆஸ்பத்திரியை விட்டுட்டு ஓடுற பஸ்லதானே என்னைப் பெத்தே."

அம்மா சிரித்தார்.

"அன்னிக்கு டிரைவர் ஓரங்கட்டி ரெண்டு மணி நேரம் நின்னாருடா. ஒருத்தர்கூட வண்டியை எடுன்னு சொல்லல."

"அம்மா..."

"மூணு வாரம்தானே? நான் கண்ணை மூடிக்கிட்டே இருக்கேன், போ."

(உவமை பின்வாசல் வழியாக வந்துவிட்டது. என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.)

4.
முடிவு ஒன்று: அவர் முட்டையை மெல்ல எடுத்து... இல்லை. அந்தக் கை அவருக்கு இல்லை.

முடிவு இரண்டு: டாக்டர் மனமிரங்கித் தேதியைத் தள்ளிப்போட... இரக்கமுள்ள டாக்டர்களை முந்தைய இரண்டு கதைகளிலேயே செலவழித்துவிட்டேன்.

மூன்றாவது என் கைவசம் இல்லை. மணி ஒன்பது. நர்ஸ் கத்தரியோடு வந்துவிட்டார். அம்மாவால் ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆவல் பிடித்த மனுஷி. கட்டிலருகே நாற்காலி காலி. நான் போனால், இவ்வளவையும் செய்தது யார் என்று என் முழி காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் போய் உட்காருங்களேன். முகத்தை மட்டும் கொஞ்சம் கழுவிக்கொண்டு.