புரூபேக்கருக்கு ஒரு நடத்தைச் சான்றிதழ்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் டொலிடோ ஸ்டர்ஜன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் கட்டிடத்தில் கஸ் ரிபாக்கைக் கண்டதும் ஆட்டக்காரர்கள் கழிப்பறைக்குள் ஓடி ஒளிவார்கள். ஒவ்வொருவனும் முந்நூறு பவுண்டு எடை. எதிரே வருகிறவனைத் தலையால் முட்டிச் சாய்க்கச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் ஐம்பத்தேழு வயது கஸ் மெல்ல வந்து தோளில் கை வைத்து, "கோச் கூப்பிடறார்ப்பா. ஆட்டப் புத்தகத்தையும் கையோட எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னால் அவன் பச்சைக்குழந்தையாய் அழுவான். புத்தகத்தை எடுத்து வா என்றால் சீட்டு கிழிந்தது என்று அர்த்தம். இந்தக் காலத்தில் புத்தகம் ஏது, எல்லாம் கையகலக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிற சொல் மாறவில்லை.

இந்த எமன் வேலை கஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது அவருடைய முகத்தால். சிரித்தால்கூடத் துக்கம் விசாரிக்க வந்தவர் போலிருப்பார். அவருடைய அசல் வேலை ஸ்கவுட். ஒஹாயோ, இண்டியானா, கென்டக்கி மூன்று மாநிலங்களிலும் கல்லூரி கல்லூரியாகப் போய், எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்து எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக வருடத்தில் பாதி நாள் மோட்டலில்தான் தூங்கினார். வீட்டுச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே சில சமயம் மறந்துவிடும் என்று அவர் மனைவி லோரெய்ன் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

போன பருவத்தில் பதினேழு ஆட்டத்தில் ஸ்டர்ஜன்ஸ் ஜெயித்தது மூன்று. அதில் ஒன்று எதிரணி தூங்கிவிட்டதால் வந்தது. ஆகவே மார்ச்சில் கத்தி சுழன்றது. கார்டு இடத்தில் ஆடிய இரண்டு பேரையும் கஸ் தோளில் தட்டிக் கூப்பிட்டார். ஒருவனுக்கு முழங்கால் கிரீச்சிட்டது. மற்றவன் கோச்சின் மூளையைப் பற்றிப் பத்திரிகைக்காரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். கார்டு என்பவன் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்கிறவன். அவனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் இவனுக்கு விழும். பந்தைத் தொடமாட்டான், பெயர் எடுக்கமாட்டான், தப்பு செய்த அன்றைக்கு மட்டும் டிவியில் பெயர் வரும். அப்படிப்பட்ட இடம் இரண்டும் காலி.

காலி இடத்தை நிரப்பத்தான் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். முப்பத்திரண்டு அணிகளும் முறைவைத்து, ஏழு சுற்றாக, கல்லூரிப் பையன்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் மூன்று நாள் கூத்து. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலமெல்லாம் இதன் முன்னால் தூசு. அங்கே பாடச் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். இங்கே பையனை உள்ளாடையோடு நிறுத்தி, கை நீளம், உள்ளங்கை அகலம், துள்ளுகிற உயரம் எல்லாம் அளந்து, கடைசியில் குணம் எப்படி என்றும் கேட்பார்கள். குணத்துக்குச் சான்றிதழ் எழுதுவது ஸ்கவுட்.

ஸ்டர்ஜன்ஸ் அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காந்த அட்டை. வலது கீழ் மூலையில் இருந்த பத்திக்குக் குப்பைத்தொட்டி என்று பெயர். அங்கே போன பையனைத் தவம் கிடந்தாலும் எடுக்கமாட்டார்கள். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. எந்த ஸ்கவுட் ஒருவனைக் குப்பையில் போட்டாரோ, அவரே தன் கையால் அட்டையை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் காரணத்தை உரக்கச் சொன்னால்தான் அவனுக்கு விமோசனம். இருபத்தாறு வருடத்தில் அப்படி யாரும் எழுந்து சொல்லி கஸ் பார்த்ததில்லை. தான் எழுதியது தப்பு என்று ஸ்கவுட் சொல்வதும் மாமியார் மன்னிப்புக் கேட்பதும் ஒன்று.

குப்பைத்தொட்டியில் மூன்றாவது அட்டை லைல் புரூபேக்கர். இண்டியானாவில் ஒரு சின்னக் கல்லூரி, மாட்டுப்பண்ணைக் குடும்பம், கார்டு. போட்டவர் கஸ்.

இதில் இருந்த சங்கதி அந்த அறையில் யாருக்கும் தெரியாது. லைலைக் கண்டுபிடித்தவரே கஸ்தான். வீட்டுக்கு வந்த நாட்களிலெல்லாம் லோரெய்ன் செய்த பியரோகிக் கொழுக்கட்டையை விழுங்கியபடி அவன் பாட்டையே பாடினார். "என்ன காலுடா அவனுக்கு! என்ன கையி!" பாடிப் பாடி, அப்படி என்னதான் இருக்கிறது என்று மகள் ட்ரூடி ஓர் ஆட்டம் பார்க்கப் போனாள். போனவள் அவனைக் காதலித்துவிட்டாள். டிசம்பரில் கல்யாணம் என்று முடிவாயிற்று. வருங்கால மருமகனைப் பற்றி அக்டோபரில் கஸ் எழுதிய அறிக்கையைப் படித்தால் தேவதூதனுக்கே பொறாமை வரும். சொந்தக்காரன் என்பதை அணியிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் அறிக்கை செல்லாது.

நவம்பரில் கல்யாணம் நின்றது. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று ட்ரூடி போனில் அழுதாள். கஸ் அன்றே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினார். "நடத்தை: சொன்ன சொல்லில் நிற்காதவன். நெருக்கடியில் கைவிட்டு ஓடுவான். தொடவே வேண்டாம்." அதோடு விட்டாரா? பிப்ரவரியில் இண்டியானாபோலிஸில் எல்லா அணி ஸ்கவுட்டுகளும் கூடிக் குடிக்கிற இடத்தில், நாலு பியருக்குப் பிறகு, அதையே வாயாலும் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஸ்கவுட்டுகளின் வாய்க்கோ தாழ்ப்பாளே இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை மாலை, ஏழாவது சுற்று. டொலிடோவுக்கு மிச்சமிருந்தது ஒரே முறை. மேசை மேல் பீட்சா ஆறிச் சுருண்டு கிடந்தது. அணிக்குப் புதிதாக வந்த மேலாளர் பிரெண்டன் ஆஷ்கிராஃப்டுக்கு முப்பத்துநாலு வயது. அவன் ஃபுட்பால் ஆடியதில்லை, கணக்குப் படித்தவன். திங்கட்கிழமைக்கு மேல் ஒன்பது ஸ்கவுட்டில் இரண்டு பேரைக் கழிக்கப்போகிறான் என்று அறை முழுக்கப் பேச்சு. தெற்கு மாநிலங்களைப் பார்க்கும் லூதர் மெக்கிதன், கஸ்ஸின் பழைய கூட்டாளி, காலையிலேயே காதைக் கடித்திருந்தார்: "வாய மூடிக்கிட்டு உக்காரு கஸ்ஸு. இந்த வருஷம் பேசறவன் தலைதான் முதல்ல உருளும்."

கடிகாரம் நாலு நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. ஆஷ்கிராஃப்ட் பலகையைப் பார்த்தான். "கார்டு ஒருத்தன்கூட மிச்சமில்லையா?"

"ஒருத்தன் இருக்கான், குப்பையில" என்றார் லூதர்.

ஆஷ்கிராஃப்ட் தன் கம்ப்யூட்டரைத் தட்டினான். "புரூபேக்கர். அளவெல்லாம் பிரமாதமா இருக்கே. கஸ், அக்டோபர்ல நீங்க இவனுக்குக் கோயில் கட்டாத குறை. நவம்பர்ல சாக்கடைன்னு எழுதியிருக்கீங்க. நடுவுல அஞ்சு வாரம். என்னங்க ஆச்சு?"

அறையில் பதினாலு தலைகள் திரும்பின. கஸ் பீட்சாவைப் பார்த்துக்கொண்டே, "எழுதினது எழுதினதுதான்" என்றார்.

"அப்ப போன் போட்டு அவனையே கேளுங்க. உங்க மாநிலம், உங்க பையன். ஓடறவன்னு எதுக்குப் பேர் வந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க. சீக்கிரம்."

கஸ் பக்கத்தில் இருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் குரலைக் கேட்டதும் என்ன கெட்ட வார்த்தை சொல்லலாம் என்று யோசித்தபடியே எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, லைலோட போன்" என்றது ஒரு பெண் குரல்.

"ட்ரூடி?"

"அப்பா?"

"அங்க என்னடி பண்றே நீ?"

"நேத்து வந்தேன். மூணு நாளா இவங்க வீட்ல எல்லாரும் டிவி முன்னால உக்காந்திருக்காங்கப்பா. கேக் வாங்கி வெட்டாமயே கெடக்கு. அவனால பாக்க முடியல, கொட்டகையில போய்ச் சாணி அள்ளிக்கிட்டிருக்கான்."

"அள்ளட்டும். ஒன்ன விட்டுட்டு ஓடினவன் வீட்ல ஒனக்கென்ன வேலை?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "அவன் ஓடலப்பா. நான்தான் ஓடினேன்."

கஸ் ஒரு காகிதப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"நவம்பர்ல அம்மா பொறந்தநாள். கல்யாணக் கவுனைப் போட்டுப் பாக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ கென்டக்கியில ஏதோ மோட்டல்ல இருந்தே. அம்மா ஒரு குட்டி கேக்குல அவங்களே மெழுகுவத்தி வச்சு, அவங்களே கொளுத்தி, அவங்களே ஊதினாங்க. சிரிச்சுக்கிட்டேதான் ஊதினாங்க. நானும் ஃபுட்பால்காரனக் கட்டிக்கிட்டு இப்படித்தான் ஊதணுமான்னு தோணுச்சு. மறுநாளே வேணாம்னு சொல்லிட்டேன்."

"பின்ன அவன் விட்டுட்டான்னு..."

"காரணம் கேட்டா ஒன்னப் பத்தி ஒங்கிட்டயே சொல்லணும். எனக்கு வாய் வரலப்பா. அவன்தான் சொன்னான், 'நான் விட்டுட்டேன்னு சொல்லிடு. உங்கப்பா என்னைத் திட்டட்டும். எனக்கு அடி வாங்கிப் பழக்கம்'னு."

லூதர் கதவைத் தட்டினார். "ஒன்றரை நிமிஷம்டா!"

"அப்பா, எல்லா டீமும் அவன்கிட்ட ஒரே கேள்வி கேக்கறாங்க. நீ கைவிட்டுட்டு ஓடறவனாமேன்னு. எந்தப் பாவிப்பா அப்படி எழுதினது?"

கஸ்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கம் அதைவிட முட்டியது. "இந்தப் பாவிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அறைக்குள் வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே பலகைக்குப் போய் மூலையில் குனிந்து அட்டையைப் பிய்த்தெடுத்தார். லூதர் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இவன் எனக்கு மாப்பிள்ளையா வர இருந்தவன்" என்றார் கஸ், உரக்க. "அத உங்ககிட்ட மறைச்சேன். கல்யாணம் நின்னதும் ஆத்திரத்துல இவன் குணத்தக் கெடுத்து எழுதினேன். எழுதினது பொய். ஊரெல்லாம் சொன்னதும் பொய். இப்பதான் விசாரிச்சேன். குணங்கெட்டவன் நான்தான்."

யாரும் பீட்சாவை மெல்லவில்லை. ஆஷ்கிராஃப்ட் கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது வினாடி.

"அப்ப அக்டோபர்ல எழுதினது?"

"ஒவ்வொரு எழுத்தும் நெஜம்."

ஆஷ்கிராஃப்ட் மூலையில் போனோடு காத்திருந்தவனிடம் திரும்பி, "புரூபேக்கர், கார்டு. பேரக் குடு" என்றான். கடிகாரம் பதினொரு வினாடியில் நின்றது. பிறகு ஒரு பேனாவை எடுத்துக் கஸ்ஸிடம் நீட்டினான். "நடத்தைன்னு போட்ட எடம் காலியா இருக்கக் கூடாதுங்க. எழுதிட்டுப் போங்க."

கஸ் அட்டையின் பின்பக்கம் எழுதினார்: அடுத்தவனுக்கு விழும் அடியைத் தான் வாங்கிக்கொள்வான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை லூதர் வந்து கஸ்ஸின் தோளில் கை வைத்தார். கூட்டாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேலாளர் கூப்பிடறார்ப்பா. கம்ப்யூட்டரையும் கையோட எடுத்துக்கிட்டு வா."

"ஒனக்கு இந்த முகம் சரிப்படலடா" என்றார் கஸ். "இன்னும் கொஞ்சம் சோகமா வச்சுக்க."

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இருபத்தாறு வருடம் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. ஏழு ஸ்டாப்வாட்ச், திருப்பித் தர மறந்த மோட்டல் சாவிகள், மோட்டல் சோப்புகள். தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். புதுப் பையன்களின் பயிற்சி முகாமும் அன்றுதான் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவன் கும்பலை விட்டுத் தனியாக நடந்து வந்தான். கதவளவு அகலம். காதுவரை சிவந்திருந்தான்.

"சார், அதக் குடுங்க" என்று லைல் பெட்டியை ஒரு கையால் வாங்கிக்கொண்டான்.

"எனக்கு நீ பெட்டி தூக்கணும்னு என்னடா தலையெழுத்து? நான் பண்ணின வேலைக்கு ஏழாவது சுத்து வரைக்கும் தொங்கினே."

"எந்தச் சுத்தா இருந்தா என்ன சார், வந்துட்டேன்ல."

"மன்னிச்சுடுப்பா" என்றார் கஸ். அந்தச் சொல் அவர் வாயில் துருப்பிடித்துக் கிடந்தது, வெளியே வரச் சிரமப்பட்டது. பிறகு, "ட்ரூடி என்ன சொல்றா?" என்றார்.

"யோசிக்கறாளாம். இந்த மாசம் முழுக்க யோசிப்பாளாம். ஒரு கேலண்டர்ல நான் எத்தன நாள் வெளியூர்ல இருப்பேன்னு கட்டம் போட்டுக்கிட்டிருக்கா."

"நல்லாப் போடட்டும்."

லைல் பெட்டியை வண்டிக்குள் அலுங்காமல் வைத்துக் கதவைச் சாத்தினான். போகாமல் அங்கேயே காலை மாற்றி மாற்றி நின்றான்.

"என்னடா?"

"லூதர் சார் காலையிலயே ட்ரூடிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார். இனிமே நீங்க தெனமும் வீட்லதான் இருப்பீங்கன்னு ட்ரூடி உங்க வீட்டம்மாகிட்ட சொன்னாளாம்."

"லோரெய்ன் என்ன சொன்னா?"

"ஓன்னு அழுதாங்களாம் சார். சந்தோஷத்துலயா துக்கத்துலயான்னுதான் ட்ரூடிக்குத் தெரியலயாம்."