எல்லா வரியும் அவள் பேரில்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மதியம், யாரும் கேட்காமலேயே அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பிறவியாக இருந்தால்தானே!

அந்த அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பார்சல் கம்பெனிக்கு மென்பொருள் எழுதினார்கள். எந்தப் பார்சல் எந்த லாரியில் ஏறியது, எந்த வாசலில் இறங்கியது என்பதெல்லாம் அதற்குள் ஓடும். பத்துப் பேர் எழுதியதால் பத்து விதமாக இருந்தது. ஒருவர் நிரலின் வரிக்கு முன்னால் மூன்று காலி இடம் விடுவார், ஒருவர் ஆறு, இன்னொருவர் அன்றைய மனநிலைக்கு ஏற்றபடி. அவளுக்குக் கண்ணை உறுத்தியது. இதற்கென்றே இருக்கும் ஒரு கருவியை ஓட்டி, நானூறு கோப்புகளிலும் எல்லா வரிக்கும் நாலு நாலு இடமாக ஒழுங்கு செய்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் மேலாளர் புது விதி கொண்டுவந்தார். எதையும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது; அதனால் குழுவில் அவருக்கு விழுக்காட்டார் என்று பேர். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று கணினி குறித்து வைத்திருக்கும். இனி ஒரு வரியில் குறை வந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லும் டிக்கெட் கடைசியாகத் தொட்டவர் தலையில் தானாகவே விழும்.

"யாரையும் கேக்க வேண்டாம், யாரோடவும் சண்டை வேண்டாம். டேட்டாவே சொல்லிடும்" என்றார்.

டேட்டா சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரி அவளுடையது.

"சார், அதெல்லாம் நான் எழுதல. இடம்தான் விட்டேன்."

"டேட்டா அப்படிச் சொல்லலையேம்மா."

அதோடு முடிந்தது பேச்சு. குழுவில் மற்றவர்கள் விவரமானவர்கள். தொட்டால் தங்கள் பேர் ஏறிவிடும் என்று ஒருவரும் பழைய வரியைத் தொடுவதில்லை. "அக்கா, இத மட்டும் நீங்களே மாத்திடுங்களேன், உங்க கை ராசியான கை" என்று வந்து நிற்பார்கள். அவளும் மாற்றிக் கொடுப்பாள். இளிச்சவாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுப்பாள்.

இதற்கிடையில் அவள் கணவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஒன்பது வயது மகனையும் அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி நேர ரயில், ஞாயிற்றுக்கிழமை திரும்ப நாலு மணி நேரம். அந்த ஊரிலும் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே ஒரே ஓர் இடம் காலி. அவளையே தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரே ஒரு தடை: பேரில் டிக்கெட் பாக்கி வைத்திருப்பவரை விடுவிக்க முடியாது. அவள் பேரில் முப்பத்தேழு. ஒரு நாளைக்கு ஐந்தை முடித்தால் ஆறு வந்து விழும்.

மகன் தினமும் போன் செய்து கேட்பான். "இன்னைக்கு எத்தனைம்மா?" கேட்டதைக் காலண்டரில் பென்சிலால் எழுதுவான். மறுநாள் அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதுவான்.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தபோது, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் தோழிதான் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "ஏன்டி, நீ அன்னைக்குப் பண்ணின அதே வேலைய இன்னொருத்தர் பண்ணினா, எல்லா வரியும், பாக்கி டிக்கெட்டும் அவங்க பேருக்குப் போயிடும்ல?"

"யாரு பண்ணுவா? எல்லாருக்கும் விஷயம் தெரியுமே."

"எல்லாருக்குமா? விழுக்காட்டாருக்கு?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்தபோது அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அவள் மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், தலைமை அலுவலகத்துல வரிக்கு ரெண்டு இடம்தான் விடுறாங்க. நம்மளது நாலு. நீங்களே ஒரு தடவ கருவிய ஓட்டிட்டா, சார் இன்னும் கோடிங்ல கை வைக்கிறார்னு அவங்களுக்கும் தெரியும்."

சொன்னது அத்தனையும் உண்மை. விழுக்காட்டார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினொரு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் அவள் பேரில், ஏற்கெனவே பாதி முடித்து வைத்திருந்த இரண்டே டிக்கெட். முப்பத்தைந்து மேலாளர் பேரில். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்பப் பாவமாக இல்லை. இரண்டையும் மதியத்துக்குள் முடித்து, தன்னை விடுவிக்கக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு, மாடிப்படியில் நின்று மகனுக்குப் போன் செய்தாள். "பூஜ்யம்டா!" என்றாள். அவன் போட்ட கூச்சலில் காதே அடைத்துக்கொண்டது.

நாலு மணிக்கு மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"கடைசியா தொட்டவங்க தலைல கட்டுறது நியாயமே இல்ல. இப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. விதிய மாத்திட்டேன்."

மூன்று வருஷம் கெஞ்சியும் அசையாத விதி ஒரே நாளில் மாறிவிட்டது.

"இனிமே, குறைகள இதுவரைக்கும் யாரு அதிகமா சரி பண்ணியிருக்காங்களோ அவங்களுக்குப் போகும். அனுபவம் இருக்கிறவங்க பாக்கிறதுதானே முறை?"

திரையில் படம் வந்தது. ஒன்பது பேருக்கு ஒன்பது குட்டைக் கோடுகள். சிலவற்றைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவளுடைய கோடு திரையின் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது. இங்கிருந்து போகவேண்டும் என்று ராப்பகலாக முடித்தவை எல்லாம் அங்கே நின்றன. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோழி மட்டும் மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க கடிதம் பாத்தேம்மா" என்றார் விழுக்காட்டார், உண்மையான அன்போடு. "இந்த முப்பத்தஞ்ச மட்டும் முடிச்சிடுங்க. அடுத்த நிமிஷம் கையெழுத்து."

இடத்துக்கு வந்து முதல் டிக்கெட்டைத் திறந்தாள். வீட்டு எண் இல்லாத முகவரி வந்தால் நிரல் நின்றுவிடுகிறது. நாலு நிமிஷ வேலை, சரிசெய்தாள். 'முடிந்தது' என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. அழுத்தினால் ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று ஆகும், அடுத்ததும் அவளுக்கே வரும். அழுத்தாவிட்டால் கையெழுத்து இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வாழ்க்கையில் முதல்முறையாக, வேலையை இவ்வளவு நன்றாகச் செய்ததற்காக அவள் தன்னை வெறுத்தாள்.

போன் அடித்தது.

"அம்மா, காலண்டர்ல பூஜ்யம் போட்டுட்டேன். பேனாலயே போட்டேன். இனிமே அழிக்க வேண்டாம்ல?"

அவள் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அதுக்குப் பக்கத்துல முப்பத்தஞ்சுன்னு எழுதிக்கோ, கண்ணா."

அந்தப் பக்கம் பென்சில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரலில் கேட்டான். "பென்சில்லயா, பேனாலயாம்மா?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பேனாலயே எழுதிக்கோ" என்றாள்.